பதினைந்து-நாற்பதா, ஐந்து-முப்பதா? மதுரை ஓட்டத்துக்கு எந்த ஆயில்

போன வாரம் திருமங்கலத்திலிருந்து மச்சினன் போன் செய்தான். காருக்கு இன்ஜின் ஆயில் வாங்கக் கடையில் நின்றுகொண்டிருந்தான். கடைக்காரர் அவன் முன்னால் மூன்று டப்பா எடுத்து வைத்திருக்கிறார். மினரல் 15டபிள்யூ-40, 1,100 ரூபாய். செமி சிந்தெடிக் 10டபிள்யூ-30, 1,600 ரூபாய். ஃபுல் சிந்தெடிக் 5டபிள்யூ-30, 2,300 ரூபாய். மூன்றுமே மூன்றரை லிட்டர்.

"மச்சான், இதுல எதப் போட்டா மைலேஜ் கூடும்? ஃபுல் சிந்தெடிக் போட்டா லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடத் தரும்ங்கிறாரு."

"மாப்ள, வண்டியோட புக்கு டேஷ்போர்டுல இருக்கா பாரு. அதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லு, அப்புறம் பேசுவோம்" என்றேன்.

புக்கில் 5டபிள்யூ-30 என்று இருந்தது. அவனுடையது எட்டு வருடம் ஓடிய 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தினமும் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வந்து போகிறான். அன்றைக்கு அவனிடம் போனில் அவசரமாகச் சொன்னதை இங்கே கணக்கோடு எழுதுகிறேன். இதே கேள்வியை வருடத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். பலர் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு, வராத மைலேஜுக்காகக் காத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்க வேண்டும். டப்பாவில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறது. ஒன்று, ஆயில் எதிலிருந்து செய்தது: மினரலா, சிந்தெடிக்கா. இன்னொன்று, அது எவ்வளவு கெட்டி: 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்ற கிரேடு. பெட்ரோல் மிச்சமாவது பெரும்பாலும் இரண்டாவதால்தான். லேசான ஆயில் என்றால் இன்ஜின் அதைக் கலக்கித் தள்ளுவதற்குச் செலவழிக்கும் சக்தி குறைகிறது. சிந்தெடிக் என்ற பெயருக்காக மட்டும் பெட்ரோல் குறைவதில்லை. 20டபிள்யூ-50 கிரேடில் விலை உயர்ந்த சிந்தெடிக் வாங்கி ஊற்றினால், 5டபிள்யூ-30 கேட்கும் வண்டியில் மைலேஜ் இறங்கத்தான் செய்யும்.

எவ்வளவு இறங்கும், எவ்வளவு ஏறும்? 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 10டபிள்யூ-30 போட்டால் ஒன்று முதல் இரண்டு சதவீதம் மைலேஜ் குறையும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டுதல் சொல்கிறது. அவ்வளவுதான் விஷயம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டியில் இரண்டு சதவீதம் என்பது 300 மீட்டர். கடைக்காரர் சொன்ன இரண்டு கிலோமீட்டர் பதிமூன்று சதவீதத்துக்கு மேல் வருகிறது. எந்த ஆயிலும் அதைக் கொடுக்காது.

பிறகு ஏன் இத்தனை பேர் கூடியது என்று சத்தியம் செய்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆயில் மாற்றும் அன்றைக்கே ஏர் ஃபில்டர் சுத்தமாகிறது, ஸ்பார்க் பிளக் மாறுகிறது, பிரேக்கில் ஒட்டிக்கொண்டிருந்த அழுக்கு போகிறது, நாலு டயருக்கும் காற்று ஏறுகிறது. சர்வீஸ் முடித்து வெளியே எடுத்தவர் முதல் ஒரு வாரம் வண்டியைப் பூப்போல ஓட்டுகிறார். இத்தனையும் சேர்ந்து கொடுத்ததை ஆயில் கணக்கில் எழுதிவிடுகிறோம். அளக்கும் முறையிலும் கோளாறு உண்டு. டேங்க் நிரப்பும்போது பம்ப் தானாக நின்ற இடத்தில் விடாமல் இன்னும் அரை லிட்டர் நெருக்கி விட்டால், 30 லிட்டருக்கு அதுவே ஒன்றரை சதவீதத்தைத் தாண்டிவிடும். நாம் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான். நான் வருடக்கணக்காக ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் ஓடோமீட்டர் எண்ணையும் லிட்டரையும் நோட்டில் எழுதி வருகிறேன். கெட்டி ஆயிலிலிருந்து புக்கில் சொன்ன ஆயிலுக்கு மாறிய வருடத்தில் என் நோட்டில் பளிச்சென்று எதுவும் தெரியவில்லை. சித்திரை வெயிலில் ஏசி போட்டு ஓட்டும் மாதத்துக்கும் மார்கழிக்கும் இருக்கும் ஏற்ற இறக்கம் அதைவிடப் பல மடங்கு பெரிது.

அப்படியானால் ஃபுல் சிந்தெடிக் தேவையில்லையா? தேவைதான், மச்சினனுக்கு அதைத்தான் வாங்கச் சொன்னேன். ஆனால் காரணம் வேறு.

மதுரைக்குள் ஓட்டுகிறவர்கள் கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றுவதில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது. காளவாசலில் நிற்கிறோம், சிம்மக்கல்லில் நிற்கிறோம், கோரிப்பாளையத்தில் சிக்னல் இரண்டு தடவை மாறியும் நகராமல் நிற்கிறோம். ஓடோமீட்டர் நகரவில்லை. ஏசிக்காக இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆயிலும் சூட்டில் வெந்துகொண்டே இருக்கிறது. ஊருக்குள் சராசரி வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10,000 கிலோமீட்டர் ஓட இன்ஜின் 555 மணி நேரம் சுற்ற வேண்டும். நான்குவழிச் சாலையில் திருநெல்வேலிப் பக்கம் 75-இல் போகிறவருக்கு அதே 10,000 கிலோமீட்டர் 133 மணி நேரத்தில் முடிந்துவிடும். இருவர் வண்டியிலும் ஓடோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டும். ஆனால் ஊருக்குள் ஓடிய ஆயில் நாலு மடங்கு நேரம் உழைத்திருக்கிறது.

இந்த உழைப்பைத் தாங்குவதில்தான் சிந்தெடிக் முந்துகிறது. சூட்டில் அது சீக்கிரம் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாவதில்லை. ஆவியாகிக் குறைவதும் குறைவு. இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுப்புத் தார் போல ஒட்டியிருக்குமே, மெக்கானிக்குகள் ஸ்லட்ஜ் என்பார்கள், அது படிவதும் குறைவு. டர்போ உள்ள வண்டிக்கு இது இன்னும் முக்கியம். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து சட்டென்று ஆஃப் செய்தால் டர்போவின் பேரிங்கில் நிற்கும் ஆயில் அங்கேயே கருகும். மினரல் ஆயில் முதலில் கருகும்.

சிந்தெடிக் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏபிஐ எனும் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு, ஆயில் செய்யப் பயன்படும் அடிப்படை எண்ணெய்களை ஐந்து குரூப்பாகப் பிரித்திருக்கிறது. முதல் இரண்டும் சாதாரண மினரல். மூன்றாவதும் கச்சா எண்ணெயிலிருந்தே வருவது, ஆனால் ஹைட்ரஜன் கொண்டு மிகக் கடுமையாகச் சுத்திகரித்தது. நான்காவது பிஏஓ, வேதிமுறையில் புதிதாகக் கட்டி எழுப்பியது. மற்றதெல்லாம் ஐந்தாவது. மூன்றாவது குரூப்பை சிந்தெடிக் என்று அழைக்கலாமா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகளுக்குள் தகராறு வந்து, 1999-இல் அழைக்கலாம் என்று அங்குள்ள விளம்பரத் தகராறுகளை விசாரிக்கும் அமைப்பு சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு கடையில் ஃபுல் சிந்தெடிக் என்று கிடைப்பதில் பெரும்பகுதி மூன்றாவது குரூப்தான். இதை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. நல்ல மூன்றாம் குரூப் ஆயில் நம் ஊர் உபயோகத்துக்குத் தாராளமாகப் போதும். டப்பா முகப்பில் பெரிதாக எழுதியிருக்கும் வார்த்தைக்கு மயங்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பின்பக்கத்தில் வட்டமாக ஒரு முத்திரை இருக்கும். மேலே ஏபிஐ எஸ்என், எஸ்பி என்பது போலத் தரக் குறியீடு, நடுவில் கிரேடு, கீழே சில டப்பாக்களில் ரிசோர்ஸ் கன்சர்விங் என்ற வார்த்தை. எரிபொருள் சிக்கனச் சோதனையில் தேறிய ஆயிலுக்குத்தான் அந்தக் கீழ் வார்த்தை கிடைக்கும். மைலேஜ் வேண்டும் என்பவர் டப்பாவில் தேட வேண்டியது அதைத்தான். எஸ்பி என்பது 2020 மே மாதம் வந்த தரம். டைமிங் செயின் தேய்மானத்தையும், சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் வரும் ஒருவகைத் தட்டலையும் சோதித்துத் தரப்படுவது. புது வண்டிக்காரர்கள் எஸ்பிக்கு முந்தைய தரத்தை வாங்க வேண்டாம்.

மச்சினன் கணக்குக்கு வருகிறேன். வருடம் 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15. பெட்ரோலை 100 ரூபாய் என்றே வைத்துக்கொண்டால் வருடச் செலவு 80,000. இதில் ஒரு சதவீதம் 800 ரூபாய். ஆயில் ஃபில்டரும் கூலியும் ஒவ்வொரு முறையும் 500 ரூபாய்.

மினரலை 5,000-க்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். அப்படி மாற்றினால் வருடத்துக்கு 3,840 ரூபாய் ஆகிறது. ஃபுல் சிந்தெடிக்கைப் புக்கில் உள்ள 10,000-க்கு மாற்றினால் 3,360. செமியை 7,500-க்கு மாற்றச் சொல்வார்கள், அதுவும் சரியாக 3,360 வருகிறது. ஆக, டப்பா விலையில் மலிவாகத் தெரிந்த மினரல் வருடக் கணக்கில் எல்லாவற்றையும்விட அதிகம். செமி நடுவில் நின்று மிச்சம் பிடித்துத் தருவதாகத் தோன்றியது, ஆனால் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்கவில்லை. அதில் சிந்தெடிக் எத்தனை பங்கு என்பதும் டப்பாவில் எழுதியிருப்பதில்லை. தினமும் ஓட்டுகிறவருக்கு செமியை நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் மேலே சொன்ன மணிக்கணக்கை மறக்கக் கூடாது. பாதி நேரம் ஊர் நெரிசலில் ஓடும் அவன் வண்டிக்கு ஃபுல் சிந்தெடிக்கையும் 7,500-க்கே மாற்றச் சொன்னேன். அப்போது செலவு 4,480 ஆகிவிடும், மினரலைவிட 640 ரூபாய் கூட. சரியான கிரேடு போட்டதால் மிச்சமாகும் அந்த 800 இதை அடைத்துவிடும். பணமாக லாபம் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. அதே செலவில் இன்ஜின் உள்ளே சுத்தமாக இருக்கிறது. அவன் இந்த வண்டியை இன்னும் ஏழெட்டு வருடம் வைத்திருக்கப் போகிறான், அதனால் எனக்கு அது போதுமான காரணமாகப் பட்டது.

இந்த இடத்தில் மெக்கானிக் அண்ணன் குறுக்கே வருவார். நம் ஊரில் பாதிப் பேர் இவர் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். "அண்ணே, இது தண்ணி மாதிரி இருக்குண்ணே. நம்ம ஊரு வெயிலுக்கு நாப்பது, அம்பது இருந்தாத்தான் இஞ்சினுக்கு நல்லது." இருபது வருடம் அம்பாசடரும் பழைய ஆம்னியும் பார்த்த கை அது, அந்த வண்டிகளுக்கு அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. இன்றைய இன்ஜின் வேறு. உள்ளே பேரிங் இடைவெளி குறைவு, ஆயில் பம்ப் சிறியது, வால்வு டைமிங்கை மாற்றும் பாகமே ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. கெட்டி ஆயில் அந்தச் சின்னத் துளைகளுக்குள் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

வெயிலைப் பற்றியும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. வெளியே 28 டிகிரியோ 41 டிகிரியோ, தெர்மோஸ்டாட் இன்ஜினை 90-ஐ ஒட்டியே வைத்திருக்கிறது. ஓட்டத்தில் ஆயில் நூறு டிகிரிப் பக்கம் இருக்கும். கிரேடின் இரண்டாவது எண், அந்த 30, அந்த 40, நூறு டிகிரியில் அளந்ததுதான். போதாததற்கு 150 டிகிரியில் நசுக்கிக் கெட்டித்தன்மையை அளக்கும் சோதனையும் உண்டு, 30 கிரேடு அதில் குறைந்தது 2.9 மில்லிபாஸ்கல்-செகண்ட் காட்டினால்தான் தேறும், 20 கிரேடுக்கு 2.6. எந்தப் படலம் தன் பேரிங்குக்குப் போதும் என்று பார்த்துத்தான் இன்ஜினை வடிவமைத்தவர்கள் கிரேடைக் குறித்திருக்கிறார்கள்.

முதல் எண் பனி நாட்டுக்காரர்கள் விவகாரம், நமக்கு எதற்கு என்றும் கேட்பார்கள். 5டபிள்யூ என்பது மைனஸ் 30 டிகிரியில் செய்யும் ஸ்டார்ட்டிங் சோதனை, 15டபிள்யூ என்றால் மைனஸ் 20. கொடைக்கானலில்கூட அந்தக் குளிர் கிடையாது. ஆனால் ராத்திரி நின்ற வண்டியில் ஆயிலின் சூடு முப்பதுதான், நூறு இல்லை. 40 டிகிரியில் 5டபிள்யூ-30-இன் கெட்டி வழக்கமாக 60, 70 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டியை அளக்கும் அலகு) இருக்கும், 15டபிள்யூ-40 நூறைத் தாண்டும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் முழுச் சூடாக இன்னும் சில நிமிடம் பிடிக்கும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு மூன்று கிலோமீட்டரில் திரும்பும் வண்டி நாள் முழுக்க அந்தக் கெட்டி நிலையிலேயே ஓடுகிறது. சின்னத் தூரம் ஓடுகிறவர்களுக்கு முதல் எண் மதுரையிலும் கணக்கில் வரும்.

ஒரு தடவை, கேட்காமலே ஒரு சர்வீஸ் கடையில் என் வண்டிக்கு பேரலிலிருந்து 20டபிள்யூ-50 ஊற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது. மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வழக்கமில்லாத ஒரு கடகடப்பு மேலேயிருந்து வந்தது, சில நொடி கழித்து அடங்கியது. அந்த வாரமே வடித்துவிட்டு மாற்றினேன். அதிலிருந்து டப்பாவை என் கண் முன்னால் சீல் உடைக்கச் சொல்கிறேன். போலி ஆயிலும் புழங்குகிற சந்தை இது, அதனால் பில்லோடு வாங்குவது நல்லது.

மெக்கானிக் அண்ணன் பக்கம் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. நாலு பேரும் சாமான்களுமாக வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலையில் இரண்டாவது கியரில் ஏறும்போது ஆயில் சூடு வழக்கத்தைவிட ஏறும். அடிக்கடி அப்படி ஓட்டுகிறவர் புக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பல புக்குகளில் வெளிச்சூட்டுக்கு ஏற்ப அனுமதித்த கிரேடுகள் படமாகவே போட்டிருக்கும். அதில் உள்ள கெட்டியான கிரேடைத் தேர்ந்தால் தப்பில்லை, ஒரு சதவீதப் பெட்ரோல் போகும். படத்தில் இல்லாததைப் போடக் கூடாது. புக் 0டபிள்யூ-20 மட்டும் சொல்கிறது என்றால் மினரலா சிந்தெடிக்கா என்ற கேள்வியே கிடையாது. அந்தக் கிரேடை சாதாரண மினரல் எண்ணெயில் செய்ய முடியாது.

மேலூரில் என் மாமனார் வைத்திருக்கும் வண்டிக்கு இதே பதில் பொருந்தாது. வருடம் 3,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, யாராவது வீட்டு விசேஷத்துக்கு. பெட்ரோல் செலவே 20,000, அதில் ஒரு சதவீதம் 200 ரூபாய். ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயிலை மாற்றித்தான் ஆக வேண்டும். சின்ன ஓட்டத்தில் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கிவிடுகின்றன, சிந்தெடிக் என்பதால் அவை கலக்காமல் போய்விடாது. அவருக்குப் புக்கில் சொன்ன கிரேடிலேயே இருக்கும் மலிவான செமி, வருடத்துக்கு ஒரு சேஞ்ச். செமிக்கு நான் ஒதுக்கும் இடம் இது ஒன்றுதான்.

டாக்ஸி ஓட்டும் தம்பிகளுக்கு யோசனையே வேண்டாம். வருடம் 60,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 18, டீசல் 90 ரூபாய் என்றால் செலவு மூன்று லட்சம். ஒரு சதவீதமே 3,000 ரூபாய். அதோடு ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் அரை நாள் வாடகை போகிறது. ஃபுல் சிந்தெடிக் அவர்களுக்குப் பணமாகவே மிச்சம். ஒரே எச்சரிக்கை, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் இருக்கிறது. கரியை அது எரித்துவிடும், ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்காது, சாம்பல் உள்ளேயே அடைந்துகொள்ளும். அதனால் சாம்பல் குறைந்த ஆயில், ஐரோப்பிய கார் தயாரிப்பாளர்களின் ஏசிஇஏ சி2, சி3 மாதிரி புக்கில் குறித்த தரம்தான் வேண்டும். ஊருக்குள் மட்டுமே ஓடும் டீசல் வண்டியில் கரி எரிப்பு பாதியில் நின்று, அதற்காகப் பாய்ச்சிய டீசல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் கிலோமீட்டர் பார்க்காமல் உடனே மாற்றுங்கள்.

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டி, ஆயில் குடிக்கும் பழைய வண்டிக்கு விலை உயர்ந்த சிந்தெடிக் வீண். அது குடித்துப் புகையாக விடப்போகிறது. பழைய புக் சொன்ன 20டபிள்யூ-40 மினரலே போதும், அளவைப் பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொள்ளலாம்.

ஆயிலோடு சேர்த்து ஊற்றச் சொல்லி விற்கும் சின்னப் புட்டிகளை எந்த வண்டிக்கும் நான் சொல்வதில்லை. நல்ல ஆயிலில் சேர்க்க வேண்டியதைச் செய்தவர்களே அளந்து சேர்த்திருக்கிறார்கள்.

மைலேஜ்தான் நோக்கம் என்றால் காசில்லாத வழி பெட்ரோல் பங்க்கில் ஓரமாக நிற்கிறது. நாலு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம் மைலேஜ் குறையும். 33 இருக்க வேண்டிய டயர் 25-இல் ஓடினால் 1.6 சதவீதம், அதாவது ஆயிலை மாற்றிச் சம்பாதிக்கப் பார்த்தது அத்தனையும் அங்கே போய்விட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்கும் கால் இன்னும் பெரிய விஷயம். நெரிசலில் விரட்டி விரட்டி பிரேக் போடுகிறவர் பத்து முதல் நாற்பது சதவீதம் வரை இழக்கலாம். பழைய வண்டிக்காரர்கள் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் கணக்கில் வையுங்கள். எத்தனாலில் லிட்டருக்கு பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் உண்டு. மைலேஜ் இறங்கியதற்குப் போன மாதம் போட்ட ஆயிலைக் குறை சொல்வதற்கு முன் அதை யோசிக்கலாம்.

மச்சினன் 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் வாங்கினான். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், புது ஃபில்டர். கடையிலிருந்து நேராகப் பங்க்குக்குப் போய் டயர் பார்த்தால் பின்னால் இரண்டும் 24. அடுத்த சேஞ்சுக்கான கிலோமீட்டரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டுக்கு உள்ளே ஒட்டிவிட்டு எனக்குப் படம் அனுப்பினான். கீழே புது நோட்டின் முதல் பக்கம், முதல் வரியில் ஓடோமீட்டர் எண்ணும் போட்ட லிட்டரும்.